தலைவரின் தலைக்குள் ஒரு பட்டுத்துண்டு

போன வருடத் தேர்த்திருவிழாவில் ஒரு தேங்காய் கைதவறி விழுந்தது. அது விழாமல் இருந்திருந்தால் சிவக்கொழுந்தரின் மண்டையில் யாரும் துளை போட்டிருக்க மாட்டார்கள்.

அளவெட்டிக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது ஈச்சங்காட்டுப் பிள்ளையார் கோயில். தேர் வீதி சுற்றி வந்து நின்றதும் முதல் காளாஞ்சியைப் பரிபாலன சபைத் தலைவருக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், நடுவில் ஒரு தேங்காய். ஐயர் நீட்டுவார். தலைவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊர் முழுவதும் பார்த்திருக்க, இரண்டு கையாலும் வாங்குவார். அந்த ஒரு கணத்துக்காகத்தான் ஊரின் படித்த மனிதர்கள் வருடம் முழுவதும் ஒருவரையொருவர் குறைசொல்லித் திரிகிறார்கள். போன வருடம் சிவக்கொழுந்தர் வாங்கியபோது வலது கை நடுங்கியது. தட்டம் சரிந்தது. தேங்காய் உருண்டுபோய் உபதலைவர் தியாகராசாவின் காலடியில் நின்றது.

அது தானாகத்தான் அங்கே வந்தது என்று தியாகராசா இன்றைக்கும் சொல்கிறார்.

"வயசாலை நடுங்குதாம்," என்று அன்று பின்னேரமே தேத்தண்ணிக் கடையில் தொடங்கினார். "எனக்கும் அந்த வயசுதான். என்ரை கை நடுங்கேல்லையே. சாமிக்கு முன்னாலை ஒருத்தற்றை கை நடுங்குதெண்டால் மனசிலை ஏதோ கிடக்கு. நான் ஆரையும் குறை சொல்லேல்லை. பொதுவாச் சொல்லுறன்."

பொதுவாகச் சொன்னது இரண்டு நாளில் ஊர் முழுவதும் தனியாகப் போய்ச் சேர்ந்தது.

சிவக்கொழுந்தர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஓய்வுபெற்ற பிரதிக் கல்விப் பணிப்பாளர். படலையில் தொங்கும் பெயர்ப்பலகையில் பட்டங்கள் எல்லாம் பெரிய எழுத்திலும், 'ஓய்வுபெற்ற' என்பது மட்டும் எறும்பு எழுத்திலும் இருக்கும். பரம்பரைச் சைவம். மச்சம் என்று ஊர் சொல்கிற மீனும் இறைச்சியும் அவர் வீட்டு மதிலைத் தாண்டியதில்லை. கோயில் வீதியால் மீன்காரரின் சைக்கிள் போகக்கூடாது என்று பலகை நட்டவரும் அவரே.

கொழும்பில் நரம்பு வைத்தியர் அந்த நடுக்கத்துக்குப் பாக்கின்சன் என்று பெயர் சொன்னார். மூளையில் டோபமின் என்றொரு இரசாயனம் குறைந்துவிட்டதாம். அது குறைந்தால் கை நடுங்கும், கால் இழுக்கும். ஒன்றில் மனம் குளிர்ந்தால் அது கொஞ்சம் எழும்பும். குளிசை மாத்திரையால் அதை ஏற்றலாம். ஆனால் எவ்வளவு குளிசை, எந்த நேரம் என்பதுதான் சிக்கல். அதற்குத்தான் புதிதாக ஒரு பரிசோதனை செய்து பார்க்கிறார்கள். வெங்காயச் சருகிலும் மெல்லிய ஒரு துண்டை ஊசித்துளை வழியாக மூளையில் வைத்துவிடுவார்கள். டோபமின் ஏறுவதையும் இறங்குவதையும் அது சொல்லிக்கொண்டேயிருக்கும். சில வாரங்களில் உடம்புக்குள்ளேயே கரைந்துபோய்விடும். எடுப்பதற்கு இன்னொரு தடவை வெட்டத் தேவையில்லை.

"கரையிறதுக்கு முதல் குளிசையின்ரை அளவைக் கண்டுபிடிச்சிட வேணும்," என்றார் வைத்தியர். "கரைஞ்சால் பேந்து கேட்க ஆளில்லை."

சிவக்கொழுந்தர் நாட்காட்டியைப் பார்த்தார். இந்த வருடத் தேருக்கு முன் அந்தத் துண்டு கரைந்துவிடும். தேர் முடிந்த கையோடு சபைத் தெரிவு. தட்டத்தை நடுங்காமல் வாங்கினால் தலைவர் கதிரை அவருடையது. நடுங்கினால் தியாகராசாவுடையது. உடனே சம்மதித்தார்.

ஊருக்கு வந்தபோது அவருடைய காதுக்குப் பின்னால் ஒரு வட்டத்தகடு ஒட்டியிருந்தது. உள்ளே இருக்கிற உணரி சொல்வதை அதுதான் பிடித்துத் தொலைபேசிக்கு அனுப்பும். அதை மறைக்கத் தொப்பி போடலாம். கோயிலுக்குள் தொப்பி போட முடியாது. எனவே சால்வையைச் சுற்றித் தலைப்பாகை கட்டினார். கட்டிப் பார்த்தபோது கண்ணாடியில் தெரிந்த உருவம் அவருக்கே பிடித்துப்போனது.

"ஆராய்ச்சிக்கு எல்லாற்றை மூளையையும் எடுக்கமாட்டினம்," என்று சபைக் கூட்டத்தில் அறிவித்தார். "தகுதியான மூளையாப் பாத்துத்தான் தெரிவு செய்யினம்."

சபை தலைப்பாகையைப் பார்த்தது. பிறகு ஒருவரையொருவர் பார்த்தது.

யார் எங்கே நின்று கேட்கிறார்கள் என்று தெரியாமல் குரலைத் தணித்துக் கதைத்தே பழகிய ஊர் அது. தலைவரின் தலைக்குள் சிப் வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி போன வேகத்தில் எந்த வெடிச்செய்தியும் போனதில்லை. அவருக்குப் பக்கத்தில் கதைத்தால் கொழும்புக்குக் கேட்கும் என்றார்கள். கொழும்புக்கு என்ன, நோர்வேக்கே கேட்கும் என்றார்கள். அதற்குப் பிறகு சபைக் கூட்டங்களில் எல்லோரும் நாலு கதிரை தள்ளி அமர்ந்தார்கள். மழை பெய்யுமா என்பதைப் பற்றி மட்டும் கதைத்தார்கள். கனகாலத்துக்குப் பிறகு கூட்டங்கள் சண்டையில்லாமல் முடிந்தன. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஏரம்பு மட்டும் ஒருநாள் தலைவரின் காதுக்குக் கிட்டக் குனிந்து, தன்னுடைய ஓய்வூதியத்தில் இருக்கிற பிழையை ஆறுதலாக, தெளிவான உச்சரிப்பில் சொல்லிவிட்டுப் போனார்.

"எனக்கு ஏன் காணும் சொல்லுறீர்?" என்றார் சிவக்கொழுந்தர்.

"உங்களுக்குச் சொல்லேல்லை," என்றார் ஏரம்பு. "கேக்கிறவை கேக்கட்டும்."

பின்னேரங்களில் தாரிகா வருவாள். வைத்தியரின் ஆய்வுக்கு இங்கே பொறுப்பாக இருந்தவள். டவுனுக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஸ்கூட்டியை வேலியோரம் நிறுத்திவிட்டு, தொலைபேசியில் டோபமின் ஏறி இறங்கிய அன்றைய கோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பாள். கோடு எழும்பினால் அது குளிசையாலா, வேறு எதனாலாவதா என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

"காலமை ஏழு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தனீங்கள் ஐயா?"

"பூசை. மனம் உருகிக் கண்ணீர் வந்திட்டுது."

அவள் கோட்டைப் பார்த்தாள். அது விரித்த பாய் மாதிரிக் கிடந்தது.

"அப்ப ஒண்டும் எழும்பேல்லையே."

"அடங்கின ஆனந்தம் பிள்ளை. அது மெசினுக்கு விளங்காது."

"சரி. பன்னிரண்டரைக்கு? அப்பத் தென்னைமரம் மாதிரி எழும்பியிருக்கு."

சிவக்கொழுந்தர் தொண்டையைச் செருமினார். "தியானம்."

"எங்கை இருந்து?"

"டவுனிலை. பிசியோதெரபிக்குப் போன இடத்திலை."

"பிசியோதெரபியிலை தியானமோ?"

"அது ஒரு உயர்ந்த நிலை."

தாரிகா கோட்டை இழுத்துக் காட்டினாள். "இந்த உயர்ந்த நிலைக்குப் பிறகு குளிசை போட்டிருக்கிறியள். ஒரு மணித்தியாலத்திலை கோடு மெல்ல மெல்ல ஏறியிருக்க வேணும். ஏறேல்லை. காலமைக் குளிசைக்கு ஏறுது, பின்னேரக் குளிசைக்கு ஏறுது, மத்தியானக் குளிசைதான் எங்கையோ துலையுது. மீன், இறைச்சி திண்டால் அப்பிடி வரும் ஐயா. அந்தச் சத்து குளிசையை உள்ளுக்கு விடாது. நீங்கள் ஏதும்..."

"சிவ சிவா!" கதிரைக் கைபிடியில் வலது கை தாளம் போட்டது. "ஆரிட்டைக் கேக்கிறீர் பிள்ளை?"

"பருப்பு, பயறு?"

"ஒரு கரண்டி."

"ஒரு கரண்டிப் பருப்புக்கு இவ்வளவு சந்தோசமோ ஐயா?"

இந்த இடத்தில்தான் அவருடைய மனைவி சிவகௌரி தேத்தண்ணியோடு உள்ளே வந்தார். தட்டை வைத்துவிட்டுத் தொலைபேசியை எட்டிப் பார்த்தார்.

"உந்த உயரமா நிக்கிறது என்ன?"

"சந்தோசம் அன்ரி."

"இவருக்கோ?"

"ஓம்."

"நான் இரவு இடியப்பமும் சொதியும் குடுத்தனான். அது எதிலை கிடக்கு?"

தாரிகா தயக்கத்தோடு விரலை நகர்த்தினாள். பாய்.

சிவகௌரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குசினியில் மூடிகள் வழக்கத்தைவிடச் சத்தமாக மூடின. அன்றிலிருந்து கணவர் டவுனுக்கு வெளிக்கிடும்போதெல்லாம் படலைவரை வந்து நின்று, எந்தச் சேட்டு உடுத்திருக்கிறார், பவுடர் போட்டாரா என்று பார்த்தார். திரும்பி வந்ததும் கையை முகர்ந்து பார்த்தார். கையில் எலுமிச்சம்புளி மணந்தது. ஒரு மனுசன் எலுமிச்சம்புளி தேய்த்துக் கை கழுவி வருகிறான் என்றால் அதற்கு முதல் அந்தக் கை எதைத் தொட்டிருக்கும்? அவருடைய சந்தேகம் பெண்களின் பக்கமாகவே போனது.

சிவக்கொழுந்தர் போனது டவுன் ஓரத்தில் மீனவர்கள் இருக்கும் குருநகருக்கு. அங்கே கடலைப் பார்த்த ஒரு சின்ன வீட்டின் பின்பக்கத்தில், வலைகள் காயும் முற்றத்தில், கனிசியஸ் அவருக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை போட்டு வைத்திருப்பார். கனிசியஸ் ஒருகாலத்தில் கல்வித் திணைக்களக் கந்தோரில் அவருடைய வாகனச் சாரதி; இப்போது சொந்தமாக ஒரு போட். மத்தியானம் பெரும்பாலும் நண்டுக்கறியும் சோறும். மற்ற நாட்களில் ஆள் பார்த்து வரும் தலைவர், செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் வருவார். அந்த இரண்டு நாளும் ஊர் முழுவதும் விரதம். ஊர்க்காரர் ஒருவரும் மீன் வாங்கக் குருநகர்ப் பக்கம் வரமாட்டார்கள். அவ்வளவு பாதுகாப்பான நாள் வேறு இல்லை.

கை நடுங்கியதால் நண்டை உடைத்துக் கொடுப்பது கனிசியஸ்தான்.

"என்ரை கையாலை உடைச்சுத் தின்னிற காலம் வருமோ தெரியேல்லை காணும்."

"அந்தப் பிள்ளையிட்டை உண்மையைச் சொன்னால் வரும் சேர்."

"சொன்னால் அது கொழும்புக்குப் போகும். கொழும்பிலை இருந்து தியாகராசாவிட்டை வரும்."

"பெரிய டொக்டர் வேலை மினக்கெட்டு உங்கடை தியாகராசாவுக்குப் போன் எடுப்பாரோ?"

"உமக்கு எங்கடை ஊரைத் தெரியாது."

"தெரியும் சேர். உங்கடை கோயில் ரோட்டாலை என்ரை மச்சான்ரை மீன் சைக்கிளை விடமாட்டம் எண்டு போர்ட் நட்ட ஊர்தானே?"

"அது ஆகமம்," என்றார் சிவக்கொழுந்தர், நண்டுக்காலை உறிஞ்சியபடி. "இது சாப்பாடு."

தலைவர் சொன்ன தியானத்தையும் ஒரு கரண்டிப் பருப்பையும் நம்பி, கொழும்பு வைத்தியர் ஒரு முடிவுக்கு வந்தார்: இவருடைய உடம்புக்குக் குளிசை போதாது. எல்லா நேரத்துக்கும் அளவைக் கூட்டினார். தாரிகா புதிய அளவைச் சொல்லிவிட்டுப் போகும்போது படலையில் நின்று ஒருமுறை திரும்பினாள்.

"நீங்கள் சொன்னது சரியெண்டால் இந்த அளவு சரி ஐயா. பிழையெண்டால் கூடிப்போகும். கரையிறதுக்கு முதல் ஏதும் ஞாபகம் வந்தால் சொல்லுங்கோ."

"எனக்கு ஞாபகத்திலை ஒரு குறையுமில்லை," என்றார் அவர்.

அடுத்த வாரம் கை மெய்யாகவே ஓரளவுக்கு நின்றது. நண்டோடு மல்லுக்கட்டியும் கூட்டின குளிசையில் ஒரு பங்கு மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கை நின்றதைப் பார்த்துப் பயந்தவர் தியாகராசா. அவர் விசேட பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்டினார். அன்னதான மடம் நிறைந்துவிட்டது. தாரிகாவையும் விளக்கம் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நான் ஆரையும் குறை சொல்லேல்லை," என்று தியாகராசா தொடங்கினார். "ஆனால் தலைவற்றை தலைக்குள்ளை இருக்கிற சாமான் எதாலை செய்தது எண்டு ஊருக்குத் தெரியவேணும். மீன் செதிலையும் மாட்டெலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசையிலைதான் இப்ப உப்பிடியான கரையிற சாமானெல்லாம் செய்யினமாம். என்ரை மருமோன் லண்டனிலை இருந்து சொன்னவர். அது உள்ளுக்கை கரையுது. கரையிறதெண்டால் என்ன? உடம்பிலை சேருது. உடம்பிலை சேருறதெண்டால் என்ன?"

"சாப்பிடுறது," என்றது கூட்டம்.

"வாயாலை திண்டால் மட்டுந்தான் மச்சமோ? மூளையாலை திண்டால் மச்சமில்லையோ? இராப்பகலா மச்சம் திண்டுகொண்டிருக்கிற ஒருத்தர் முதல் காளாஞ்சி வாங்கலாமோ?"

எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள். ஐயர் கூரையைப் பார்த்தார். "மூளையைப் பற்றி ஆகமத்திலை குறிப்பா ஒண்டும் இல்லை," என்றார்.

சிவக்கொழுந்தர் எழும்பவில்லை. மச்சம் என்ற சொல்லைக் கேட்டதும் அவருடைய முகம் வெளிறியிருந்தது. அதைக் கவனித்தது தாரிகா ஒருத்திதான். அவள் எழுந்து நின்றாள்.

"அது மீனுமில்லை, மாடுமில்லை," என்றாள். "பட்டு."

"என்ன பட்டு?"

"பட்டுப்புழுவின்ரை கூட்டிலை இருந்து எடுக்கிற பட்டு. அதிலைதான் மெல்லிசாத் தட்டி எடுத்திருக்கினம்."

தியாகராசா விடவில்லை. "புழுவோ? அப்ப புழுவைக் கொண்டுதானே எடுக்கிறது? அதுவும் உயிர்தானே?"

"ஓம். கூட்டோடை சேர்த்துச் சுடுதண்ணியிலை அவிக்கிறது," என்றாள் தாரிகா. "நீங்கள் கட்டியிருக்கிற வேட்டிக்கும் அப்பிடித்தான்."

மடத்தில் இருந்த சபையார் எல்லோரும் விசேட கூட்டம் என்பதால் பட்டுவேட்டியில் வந்திருந்தார்கள். ஏரம்பு தன் வேட்டிக்கரையை விரலால் தூக்கி, அதில் ஏதும் அசைகிறதா என்பதுபோலப் பார்த்தார். ஒருவர் மெல்ல எழுந்து வெளியே போனார். தலைவர் காளாஞ்சி வாங்கக்கூடாது என்ற தீர்மானம் வாக்கெடுப்பு இல்லாமலே கைவிடப்பட்டது.

சிவக்கொழுந்தர் வாசலில் தாரிகாவை மறித்தார். "நல்லாச் சொன்னீர் பிள்ளை."

"நான் எனக்குத் தெரிஞ்ச உண்மையைச் சொன்னன்," என்றாள் அவள். "நீங்கள்?"

அவர் தலைப்பாகையைச் சரிசெய்தார்.

திருவிழாவுக்குக் கொடி ஏறியது. கொடியேறினால் தலைவர் கோயிலிலேயே தங்க வேண்டும். ஒருநேரம் மடத்துச் சோறு, மற்ற நேரம் பாலும் பழமும். குருநகருக்குப் போக வழியில்லை. சிவக்கொழுந்தர் தன் வாழ்நாளில் முதல்முறையாக, தான் மேடையில் சொல்வதுபோலவே வாழத் தொடங்கினார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். கூட்டின குளிசை, நண்டு தின்கிற ஒருவருக்கு உரிய அளவு. இப்போது அதை மறிக்க நண்டு இல்லை. போட்ட குளிசை முழுவதும் ஒரு மில்லிக்கிராம் சிந்தாமல் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் இரண்டு நாள் கை சிலைபோல நின்றது, ஊர் வியந்தது. மூன்றாம் நாள் தோள் தானாக ஒருமுறை குலுங்கியது. பிறகு கழுத்து. ஊர் சந்தேகத்தோடு பார்த்தது. அவர் சால்வையை உதறுவதுபோல நடித்துச் சமாளித்தார். சிவகௌரி பயந்துபோய்த் தாரிகாவுக்குத் தொலைபேசி எடுத்தார். "தேரண்டைக்கு வாறன் அன்ரி," என்றாள் அவள். "முந்தநாளோடை அந்தத் துண்டு கரைஞ்சிட்டுது. எனக்குக் கோடும் இல்லை. அவரே சொன்னால்தான் உண்டு."

தேர் நாள். அளவெட்டியிலிருந்து வந்த மேளம் வாசலில் நின்றது. தேர் வந்து இருப்பிடத்தில் நின்றதும் தவில் உச்சத்துக்குப் போனது. ஐயர் தட்டத்தோடு தலைவரை நோக்கி வந்தார். சிவக்கொழுந்தர் இரண்டு கையையும் நீட்டினார்.

கைகள் தட்டத்துக்குப் போகவில்லை. வலது கை மேலே போய்ச் சுழன்றது. இடது கை பக்கவாட்டில் வீசியது. இடுப்பு ஒரு பக்கமும் கழுத்து மறுபக்கமும் போயின. தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. தவில்காரர் அவரைப் பார்த்து அடித்தாரா, அவர் தவிலைக் கேட்டு ஆடினாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இருவரும் ஒரே தாளத்தில் இருந்தார்கள்.

"அரோகரா!" என்று ஒரு பெண் குரல் வீரிட்டது. "ஐயாவுக்கு உரு வந்திட்டுது!"

ஆகமக் கோயிலில் உரு ஆடுவது அநாகரிகம் என்று சபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் சிவக்கொழுந்தர்தான். ஆனால் இந்த நேரத்தில் அதை யார் ஞாபகப்படுத்துவது? ஐயர் தட்டத்தை நிலத்தில் வைத்துவிட்டு எட்டி நின்றார். சாமி வந்தவருக்குக் காளாஞ்சியைக் கையில் கொடுப்பதா, காலடியில் வைப்பதா என்று அவருக்கும் தெரியவில்லை. யாரோ வேப்பிலை முறித்துக்கொண்டு வந்தார்கள்.

"பிள்ளையாரே, என்ரை பெடியனுக்குக் கனடா விசா வருமோ?"

கை இடமும் வலமும் வீசியது.

"வராதெண்டுறார்!"

"விசரோ? வரும், போ எண்டெல்லோ காட்டுறார்!"

"உரு இல்லை!" என்று கத்தினார் சிவக்கொழுந்தர். மூச்சு வாங்கியது. "குளிசை! குளிசை கூடிப்போச்சு! தாரிகா! தாரிகாவைக் கூப்பிடுங்கோ!"

கூட்டத்தை இடித்துக்கொண்டு தாரிகா முன்னால் வந்தாள். அவருடைய வீசும் கைக்குத் தப்பிக் கிட்டப் போனாள்.

"ஐயா, இப்ப என்னட்டை ஒண்டுமில்லை. நீங்கள் சொல்லுறதை வைச்சுத்தான் குறைக்கலாம். கொடியேற முதல் மத்தியானத்திலை என்ன திண்டனீங்கள்?"

சிவக்கொழுந்தர் கூட்டத்தைப் பார்த்தார். முழு ஊரும் நின்றது. சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தியாகராசா முன்வரிசையில் நின்றார். கதிரை போகப்போகிறது என்பது தெரிந்தது. அதே நேரம் கழுத்து மறுபடியும் முறுகியது. எலும்பு முறிவதுபோல வலித்தது.

"நண்டு!" என்றார்.

"எத்தினை தரம்?"

"கிட்டத்தட்ட ஒவ்வொரு மத்தியானமும்! செவ்வாய், வெள்ளி கட்டாயம்! குருநகரிலை, கனிசியசின்ரை வீட்டிலை! நான் திண்டனான்! நான்!"

"குளிசைக்கு முதலோ, பிறகோ?"

"முதல்!"

ஏரம்புதான் முதலில் வாய் திறந்தார்.

"பாத்தியளே, அந்தப் பிள்ளை சாமியோடை கதைக்குது."

"ஆற்றையோ பாவத்தைப் பிள்ளையார் தன்ரை தலையிலை போட்டுச் சொல்லுறார்," என்றாள் வேப்பிலையோடு நின்றவள். "ஐயா மச்சம் தொடுறவரே? இது வேறை ஆருக்கோ சொல்லுறது."

வேறு ஆருக்கு? முழுக் கூட்டமும் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கணவனை மனைவி பார்த்தாள். மாமனை மருமகன் பார்த்தான். பார்வை போன இடத்திலெல்லாம் யாரோ ஒருவர் கண்ணைத் தாழ்த்தினார். முன்வரிசையில் தியாகராசாவின் நெற்றியில் வியர்வை திருநீற்றைக் கரைத்து ஓடியது. சிவக்கொழுந்தரின் கை சுழன்று வந்து அவருக்கு நேரே ஒருமுறை நீண்டது. அது நோயின் நீட்டல்தான், வேண்டுமென்று செய்ததில்லை.

தியாகராசா தடாலென்று நிலத்தில் விழுந்தார்.

"காணும் பிள்ளையாரே, காணும்! இனிப் போகமாட்டன்! அதுவும் நான் நண்டு இல்லை, கணவாய் மட்டுந்தான்!"

அந்த ஆரவாரத்தில் சிவகௌரி கணவருக்குப் பக்கத்தில் வந்து, அவருடைய சால்வையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நண்டோ? மெய்யா நண்டு மட்டுந்தானோ?"

"ஓமப்பா."

சிவகௌரி கண்ணை மூடி இரண்டு கையையும் உயர்த்திக் கும்பிட்டார். அன்று அந்தக் கோயிலில் சிவக்கொழுந்தர் சொன்னதை நம்பியவர்கள் தாரிகாவும் சிவகௌரியும் மட்டும்தான்.

தாரிகா அங்கேயே நின்று கொழும்புக்குப் பேசி அளவைக் குறைத்தாள். சில நாட்களில் வீச்சு அடங்கியது. பிறகு நடுக்கமும் அடங்கியது. அவருடைய வலது கை, ஒரு வருடத்துக்குப் பிறகு, தேத்தண்ணிக் கோப்பையை ஒரு துளி சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோனது. அவர் கோப்பையை வைத்து, மறுபடியும் தூக்கி, மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

ஆனால் படலையில் ஆட்கள் நின்றார்கள். விசா கேட்க, கல்யாணம் கேட்க, காணாமல்போன தண்ணீர் மோட்டார் தேட. அவர் ஒவ்வொருவருக்கும் உண்மையைச் சொன்னார். "அது சாமியில்லை. நான்தான் நண்டு திண்டனான்." ஐயாவின்ரை பெருந்தன்மை என்று சொல்லிக் காலில் விழுந்தார்கள். வேறு வழியில்லாமல் திருநீறு கொடுத்தார். அவர்கள் திருநீற்றைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்கள். கை நடுங்கவில்லை. சுழலவில்லை. கல்லில் செய்ததுபோல நின்றது.

அடுத்த நாள் வந்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். அதற்கடுத்த நாள் இரண்டு பெண்கள் மட்டும் வந்தார்கள். திருநீற்றை வாங்கிக்கொண்டு வேலியோரம் நின்று அவர்கள் கதைத்தது யன்னலுக்குள்ளால் கேட்டது.

"கை அசையேல்லை, பாத்தனீயே?"

"ம். அருள் போயிட்டுது."

"தேரண்டைக்கு அப்பிடி வந்த அருள் ஏன் போகுது?"

"ஏன் போகும்? எங்கையோ களவா மச்சம் திண்டிருப்பார்."

கொடியேறிய நாளிலிருந்து அவர் ஒரு நெத்தலிகூடத் தொட்டிருக்கவில்லை.

சபைத் தெரிவுக்கு முன்பே இந்தச் செய்தி ஊரெல்லாம் போய்விட்டது. தியாகராசாவைப் பற்றியும் கதைத்தார்கள். ஆனால் வேறு மாதிரி. தியாகராசா கணவாய் தின்றவர்தான், ஆனால் சாமிக்கு முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்ட மனுசன். இவர் கேட்டவரோ? எதிர்ப்பில்லாமல் தியாகராசா தலைவரானார். ஏற்புரையில், தான் ஆரையும் குறை சொல்லவில்லை என்றார்.

செய்தி மத்தியானம் வந்தது. சிவக்கொழுந்தர் கனிசியசுக்குத் தொலைபேசி எடுத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது சிவகௌரி நல்ல சேலை கட்டிக்கொண்டு எதிரே நின்றார்.

"குளிசையை இப்ப போடுங்கோ. ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான் தின்னவேணுமாம், தாரிகா சொன்னவள். போய்ச் சேரச் சரியா இருக்கும். நானும் வாறன்."

"நீரோ?" என்றார் அவர். "நீர் அங்கை வந்து என்ன செய்யப்போறீர்?"

"கறிக்கு முருங்கையிலையைக் கடைசியிலைதான் போடுறவையோ, முதலே போட்டு அவிய விடுறவையோ?"

"கடைசியிலை."

"அப்ப சரி. முதலே போட்டால் நண்டின்ரை மணம் போயிடும்." சொல்லிவிட்டு அவர் குடையைத் தேடி உள்ளே போனார்.

சிவக்கொழுந்தர் குளிசையை நடுங்காத கையில் வைத்துக்கொண்டு, சிவகௌரி போன வாசலையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.